பக்கம் 41, அட்டவணை 3, வரிசை 17

இருபத்துமூன்று இதழ் போட்டுவிட்டோம்.
குமாரசாமிப்பேட்டையில் லாரி ஷெட்டுக்குப் பின்னால்
ஒரு டிடிபி கடை, ஒரு ஆஃப்செட் எந்திரம்;
மழை பெய்தால் அட்டை நெளியும்.
முந்நூறு பிரதி. அதில் தொண்ணூறு
துறை பீரோவின் கீழ்த்தட்டில்
நாப்தலின் உருண்டையோடு படுத்திருக்கும்.

ஆண்டறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
தாக்கக் காரணி.
அதில் சிறுகோடு இழுத்துவிடுவேன்.
பூஜ்யம் எழுத மனம் வந்ததில்லை.
பூஜ்யம் என்றால்
யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

பிறகு பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.
கட்டுரை தந்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள்,
நின்றுபோன கல்யாணத்தில் சீர்வரிசை கேட்பதுபோல.
குற்றமில்லை. பதவி உயர்வுக்கு மதிப்பெண் வேண்டும்.

கேட்காதவர் தீர்த்தகிரி ஒருவர்தான்.
ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வக நுட்பநர்.
ஞாயிறுகளில் மொபெட் எடுத்துக்கொண்டு
பென்னாகரம் சாலை நெடுக
அறுபத்திரண்டு கிணறும் ஆழ்குழாயும் அளந்தவர்.
கண்ணாடி ஃப்ளோரைடைத் தின்னும் என்று
பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிப்பார்.
எந்த மாதம், எத்தனை அடி,
எந்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை பல்லில் பழுப்பு.
பதினோராம் இதழில் போட்டோம்.
பாராட்டி ஒரு அஞ்சலட்டை வந்தது. அவர் மைத்துனர்.

இதழ் பழசாகி,
எம்.எஸ்சி. மாணவி நஸ்ரீன் போன வருஷம்
தன் போனிலேயே ஸ்கேன் செய்து ஏற்றினாள்.
கோணல் பக்கங்கள். நாற்பத்தொன்றில்
அவள் கட்டைவிரலும் மருதாணியும் பதிவாகியிருக்கிறது.

மார்ச்சில் ஓர் இரவு
நகுருவிலிருந்து மின்னஞ்சல். கென்யா.
எந்திரம் பெயர்த்த தமிழ்:
'மதிப்பிற்குரிய பதிப்பாசிரியை,
உங்கள் காகிதம் எனக்கு மிகவும் சுவைத்தது.
எங்கள் பள்ளத்தாக்கின் பற்களும் பழுப்பு.
மாதத்தையும் ஆழத்தையும் சேர்த்து
வேறு யாரும் எழுதி நான் காணவில்லை.
ஆனால் வரிசை பதினேழில் நாற்பத்தேழு.
இது மெய்தானா?'
கீழே கையொப்பம்: ஜெப்கெமோய்.

மூன்று முறை மெய்ப்பு பார்த்தது நான்.
மதிப்பீட்டாளர் இருவர்.
பன்னிரண்டு ஆண்டு, முந்நூறு பிரதி.

போனில் தீர்த்தகிரி சிரித்தார்.
'நாப்பத்தேழா? அந்தத் தண்ணியக் குடிச்சா
பல்லு கறை புடிக்க நேரமே இருக்காதுங்க மேடம்.
நாலு புள்ளி ஏழு.
புள்ளி எங்க போச்சு?'

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது
உதிர்ந்திருக்கும் என்கிறார் டிடிபிகாரர்.
ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று
வைக்காமலே எழுதினார்கள் ஒரு காலத்தில்.
படிப்பவர் இட்டுக்கொள்வார் என்ற தைரியம்.
எனக்கும் ஒருவர் இட்டுக்கொடுத்தார்,
கடல் தாண்டி,
என் மொழி ஓரெழுத்தும் தெரியாமல்.

ஞாபகத்தை வைத்துத் திருத்தம் போடக்கூடாது.
ஞாயிறன்று பதினேழாம் எண்ணுக்குப் போனோம்.
ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு
அந்தக் குழாய் மாட்டுக்கும் துணிக்கும் மட்டும்.
கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது.
பிடித்துவந்து அளந்தார்:
மூன்று புள்ளி ஒன்பது.

இப்போது எதை எழுதுவது?
இரண்டையும் எழுதினேன்.
'இதழ் 11, பக்கம் 41: 47 என்பதை 4.7 என வாசிக்கவும்.
இவ்வாண்டு மே மாதம் மீண்டும் அளந்தபோது 3.9.
பிழை கண்டவர் ஜெப்கெமோய், நகுரு.'
எங்கள் இதழின் முதல் பிழைதிருத்தம்.
பிழை இல்லாததால் அல்ல.

அச்சுக்குப் போகுமுன் தீர்த்தகிரிக்குப் படித்துக் காட்டினேன்.
உலகம் உங்களைப் படிக்கிறது என்று
கொஞ்சம் ஜம்பமாகவே சொன்னேன்.
அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

'அதுசரிங்க,
அவங்க ஊர்ல எத்தன அடியில தண்ணி வருதாம்?
எந்த மாசத்துல அளந்தாங்களாம்?
கேட்டுச் சொல்றீங்களா?'